பிறர் துயரம் விளையாட்டாகுமா?

ஒரு குடும்பத்தை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தகப்பன், தாய், பிள்ளைகள். அவர்கள் இருப்பது ஓர் அகதி முகாம். முகாமில் தண்ணீர் முடிந்துவிட்டது. கிணறு ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. வழியெல்லாம் ஆயுததாரிகள் வாகனங்களில் சுற்றித் திரிகிறார்கள். தகப்பன் போனால் கொன்றுவிடுவார்கள். தாய் போனால் மானபங்கப்படுத்துவார்கள். பிள்ளை போனால் ஒருவேளை தப்பி வரக்கூடும், வராமலும் போகக்கூடும். யாரை அனுப்புவது?

சூடான் நாட்டின் மேற்கே உள்ள டார்பூர் பிரதேசத்தில் 2003ஆம் ஆண்டு யுத்தம் மூண்ட பின்னர் எண்ணற்ற குடும்பங்கள் இத்தகைய கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. அதே கேள்வியை முதற் காட்சியாக வைத்து ஒரு கணனி விளையாட்டும் ஆக்கப்பட்டது. அதை ஆக்கியவர்கள் மாணவர்கள். அந்தச் சிறிய விளையாட்டை முன்வைத்து ஒரு பெரிய கேள்வியைச் சிந்திக்கவே இக்கட்டுரை. பிறருடைய துயரத்தை நாம் விளையாடலாமா? அது பாவமா? அல்லது அதிலும் ஒரு நன்மை உண்டா?

மாணவர் ஆக்கிய விளையாட்டு

2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலே பல்கலைக்கழக மாணவரை நேயர்களாகக் கொண்ட எம்.ரி.வி.யு. என்னும் தொலைக்காட்சிச் சேவை ஒரு போட்டியை அறிவித்தது. டார்பூரில் நடப்பதைப் பிறர் உணரச் செய்யும் விளையாட்டொன்றை மாணவர்கள் ஆக்க வேண்டும் என்பதே போட்டி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அப்போது கற்றுக்கொண்டிருந்த சுசானா ரூயிஸ் என்பவரும் அவருடைய சக மாணவர் சிலரும் சேர்ந்து ஆக்கிய விளையாட்டு அதில் வெற்றி பெற்றது. டார்பூர் மரித்துக்கொண்டிருக்கிறது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். டார்பூரில் பணியாற்றி அனுபவம் பெற்ற நிவாரண ஊழியர்களின் ஆலோசனையும் அவர்களுக்குக் கிடைத்தது. 2006 ஏப்ரல் 30ஆம் திகதி அது வெளியாயிற்று. அதை ஆடக் காசு தேவைப்படவில்லை. இணையத்தில் எவரும் ஆடக்கூடியதாயிருந்தது. பெரிய கம்பனிகள் கோடிக்கணக்கில் செலவிட்டு ஆக்கும் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது ஒரு சிறு பிள்ளையின் சித்திரம் போன்றது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆடுபவர் முதலில் குடும்பத்தில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, வயது உண்டு. முப்பது வயதான தகப்பனைத் தெரிவு செய்தால் விளையாட்டு ஏற்றுக்கொள்ளாது. ஆண்கள் வெளியே போனால் கொல்லப்படுவது பெரும்பாலும் நிச்சயம், வேறொருவரைத் தெரிவு செய்க என்று சொல்லும். ஆகவே பெரும்பாலும் ஒரு பிள்ளைதான் போகவேண்டும். பிள்ளை ஓடுகிறது. வாகன இரைச்சல் நெருங்கினால் ஒரு விசையை அழுத்திப் பாறைக்கோ பற்றைக்கோ பின்னால் அதனை ஒளிக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தால் முகாமின் பயிருக்கும் வீடுகளுக்கும் அது பயன்படும். இவ்வாறு ஏழு நாட்கள் முகாமைக் காப்பாற்ற வேண்டும்.

பிள்ளை பிடிபட்டுவிட்டால்? அதற்கு என்ன நேரக்கூடும் என்பது திரையில் எழுத்தாக வருகிறது. அதன் பின்னர் விளையாட்டு ஒரு கேள்வி கேட்கிறது. நீ சூடானிலுள்ள ஒரு பிள்ளையல்ல, தூரத்தில் ஒரு கணனியின் முன் அமர்ந்திருப்பவன். ஆகையால் உனக்கு இன்னொரு தடவை முயல விருப்பமா என்பது அதன் கருத்து.

இந்த ஒரு கேள்விக்காகவே அந்த விளையாட்டை நாம் நினைவில் வைத்திருக்கலாம். எல்லா விளையாட்டுகளிலும் மறுபடி ஆடும் வாய்ப்பு உண்டு. அதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதேயில்லை. ஆனால் இங்கே அந்த வாய்ப்பே ஆடுபவனை வெட்கப்படச் செய்கிறது. எனக்கு மறுபடி உண்டு. அந்தப் பிள்ளைக்கு இல்லை.

விளையாட்டு என்றால் என்ன?

விளையாட்டு வெளியானபோதே கண்டனமும் எழுந்தது. இத்தனை பேர் மடிந்துகொண்டிருக்கையில் அதை ஒரு பொழுதுபோக்கின் அளவுக்குச் சிறுமைப்படுத்தலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. இதற்கு விடை காண, விளையாட்டைப் பற்றித் திருச்சபையின் பேரறிஞர் ஒருவர் சிந்தித்ததை நாம் முதலில் பார்ப்பது நல்லது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் விளையாட்டை வீணென்று தள்ளிவிடவில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு எவ்வாறு வேண்டுமோ அவ்வாறே உழைத்த மனத்துக்கு விளையாட்டும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அளவறிந்து விளையாடுவதைப் புண்ணியத்தோடு சேர்த்தே அவர் பேசுகிறார். ஆயினும் மூன்று எச்சரிக்கைகளை விடுக்கிறார். இழிவானதிலும் பிறருக்குத் தீங்கு செய்வதிலும் இன்பம் தேடலாகாது. மனம் தன் நிதானத்தை முற்றாக இழந்துவிடலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இந்த மூன்றும் இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

இந்த அளவுகோலை மாணவரின் விளையாட்டுக்கு வைத்துப் பார்ப்போம். பிறர் துன்பத்தில் இன்பம் தேடும்படி அது ஆக்கப்பட்டதா? இல்லை. ஆடுபவன் பயப்பட வேண்டும், துயரப்பட வேண்டும் என்றே ஆக்கினார்கள். ஆடி முடித்தவரை அது சும்மா விடுவதுமில்லை. அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் அனுப்பும்படியும் மக்கள் பிரதிநிதிகளிடம் சட்டம் கோரும்படியும் வழி காட்டியது. ஆகவே நோக்கத்தில் குறை காண்பது கடினம்.

துயரத்தை நடித்துக் காட்டுவதே தவறு என்றும் நாம் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் நம்முடைய பாஸ்கா நாடகங்களை என்ன செய்வது? தவக்காலம் வந்தால் ஊரிலுள்ள வாலிபன் ஒருவன் ஆண்டவராக நின்று அடிபடுகிறான். நமக்குத் தெரிந்த ஒருவரே சவுக்கெடுத்து அடிக்கிறார். அது நடிப்பென்று நன்றாகத் தெரிந்த கிழவிகளும் வாய்விட்டு அழுகிறார்கள். சிலுவைப் பாதையில் பதினான்கு தலங்களிலும் நாம் முழந்தாளிட்டு, ஆண்டவரோடு நடப்பதாகவே பாவனை செய்கிறோம். புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளிலே, நற்செய்திக் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து நாமும் அதற்குள் நுழைந்து நிற்கும்படி கற்பித்தார். பிறருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது நம் ஞான வாழ்வின் ஒரு பழைய வழி. அந்த மாணவர்கள் கணனியைக் கொண்டு செய்ய முயன்றதும் ஏறத்தாழ இதுவே.

ஆபத்து எங்கே?

ஆனால் நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாஸ்காவில் வெற்றி தோல்வி இல்லை. எவரும் புள்ளி கணக்கிடுவதில்லை. விளையாட்டிலோ வெல்ல வேண்டும் என்னும் ஆசை எழுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தடவை ஆடும்போது நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பீர்கள், பெயரை வாசிப்பீர்கள், பிடிபட்டால் நெஞ்சு பதறும். ஐந்தாவது தடவை ஆடும்போது எந்தப் பிள்ளை விரைவாக ஓடும், எதை அனுப்பினால் தண்ணீர் வந்து சேரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவீர்கள். பெயர் மறைந்துவிடும். பிள்ளை ஒரு காயாக மாறிவிடும். டார்பூரிலே ஒரு தாயும் இதே கணக்கைப் பார்த்திருப்பாள். எவன் விரைவாக ஓடுவான் என்று எண்ணியிருப்பாள். ஆனால் அவள் எண்ணியபோது அவள் வயிறு எரிந்திருக்கும். கணக்கு ஒன்றே, அதைப் பார்த்த இதயங்கள் வேறு. அந்த எரிவை எந்த விசையும் நமக்குத் தராது. தந்துவிட்டதாக நாம் நம்பினால் அது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது ஆபத்து இதனிலும் நுட்பமானது. கண்ணீர் விட்டதையே கடமை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும் குணம் மனிதரிடம் உண்டு. நாடகம் பார்த்து அழுதவன் வீடு திரும்பும் வழியில் படலையடியில் நிற்கும் ஏழையை விலத்திப் போவதில்லையா? உருக்கமான படத்தைப் பார்த்து அதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, ஏதோ தருமம் செய்துவிட்டோம் என்று நாமும் நிம்மதியாகத் தூங்குவதில்லையா? ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனின் உவமையை எண்ணிப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் பார்த்தார், லேவியனும் பார்த்தான். பார்க்காமற் போனவர் எவருமில்லை. சமாரியன் பார்த்தான், மனமிரங்கினான், கிட்டப் போனான், காயத்தைக் கட்டினான், தன் காசைச் செலவழித்தான். மனமிரங்கியதோடு அவன் நின்றிருந்தால் அவனும் மூன்றாவது வழிப்போக்கனாகவே இருந்திருப்பான்.

நம்மையே அந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம்

வாசகரே, இதுவரை தூரத்து மக்களைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். பிறர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறீர்களோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும் என்பது ஆண்டவரின் போதனை. அந்தப் போதனையை இங்கே கைக்கொள்ள நமக்கு அதிகம் கற்பனை தேவையில்லை.

1990இலும் 1995இலும் 2009இலும் மூட்டை முடிச்சுகளோடு வீதியில் இறங்கியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்தபடி செபமாலை சொன்னவர்கள் இருக்கிறார்கள். செட்டிகுளத்து முகாம்களிலே வெறுங் கலன்களோடு தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். நாளை ஏதோ ஒரு தூர தேசத்து மாணவன் தன் படிப்புக்காக அந்த வரிசையையும் அந்தப் பதுங்குகுழியையும் விளையாட்டாக ஆக்கினால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சிலருக்குக் கோபம் வரும். எங்கள் பிள்ளைகள் செத்தது உங்களுக்குப் பொழுதுபோக்கா என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நீதியானது. அதை எவரும் குறை சொல்ல முடியாது. வேறு சிலர் மௌனமாயிருந்துவிட்டு இன்னொன்றைச் சொல்லக்கூடும். அன்று நாங்கள் எதற்காக ஏங்கினோம்? எவராவது எங்களைப் பார்க்கமாட்டார்களா என்றுதானே? உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஒரு மாணவன் உட்கார்ந்து எங்கள் வழியின் தூரத்தைக் கேட்டறிந்து, எங்கள் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பயத்தைத் தன் ஊராருக்கும் கொஞ்சம் காட்ட முயன்றிருந்தால் அதை வெறுத்திருப்போமா? இதுவும் நீதியான பேச்சே.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. துன்பப்பட்டவனிடம் கேட்டறிந்து, அவனுக்காக ஆக்கப்பட்டதா? அன்றி, ஆடுபவனின் கிளர்ச்சிக்காக அவன் துன்பம் எடுத்துக்கொள்ளப்பட்டதா? முன்னையது சாட்சியம். பின்னையது களவு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முகாமில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே பயமும் பசியும் மாத்திரம் இருக்கவில்லை. பிள்ளைகள் அங்கும் மண்ணில் கோடு கீறி விளையாடினார்கள். கூடாரத்தின் கீழ் பூசை நடந்தது. கலியாணம் நடந்தது. சண்டையும் சிரிப்பும் இருந்தன. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இவை தெரிவதில்லை. அவன் அகதியைக் காண்கிறான்; அயலவனைக் காண்பதில்லை. மாணவரின் விளையாட்டிலும் இந்தக் குறை உண்டு. அதிலுள்ள பிள்ளை ஓடுகிறது, ஒளிக்கிறது, பிடிபடுகிறது. அது விளையாடுவதை நாம் ஒருபோதும் காண்பதில்லை.

டார்பூரின் இன்னொரு பிள்ளை

டார்பூரில் பிடிபட்ட ஒரு பிள்ளையை நாம் அறிவோம். அவருடைய சுரூபம் பல தேவாலயங்களில் இருக்கிறது. 1869ஆம் ஆண்டளவில் டார்பூரிலே பிறந்த ஒரு சிறுமியை அடிமை வியாபாரிகள் ஊர்ப்புறத்தே பிடித்துச் சென்றார்கள். அப்போது வயது பத்துக்கூட இல்லை. அச்சத்தினால் அந்தப் பிள்ளைக்குத் தன் சொந்தப் பெயரே மறந்துபோயிற்று. பிடித்துச் சென்றவர்கள் பக்கீத்தா என்று ஒரு பெயரிட்டார்கள். பாக்கியவதி என்பது அதன் பொருள். கைக்குக் கை விற்கப்பட்டு, உடலெங்கும் தழும்பேற வதைக்கப்பட்டு, ஈற்றில் இத்தாலி சேர்ந்த அவர் 1890ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் கனோசியன் சபையில் துறவியானார். 1947 பெப்ரவரி 8ஆம் திகதி மரித்த அவரைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி புனிதையாக உயர்த்தினார்.

பிடிபட்ட பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதோடு விளையாட்டின் கதை முடிந்துவிடுகிறது. ஆண்டவருடைய கணக்கோ அங்கே முடிவதில்லை. பெயரை மறந்துபோன அந்தச் சிறுமியின் பெயர் அவருக்கு மறக்கவில்லை. துன்புறுவோர் எமது இரக்கத்துக்குரிய பொருட்கள் மாத்திரமல்லர். நமக்கு முன்னே பரலோகம் சேர்ந்து நமக்காக மன்றாடக்கூடியவர்கள். இதை எண்ணினால் அவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

விளையாட்டு நின்றது, துயரம் நிற்கவில்லை

அந்த விளையாட்டை இன்று பழைய முறையில் கணனியிற் திறந்து ஆட முடியாது. அது இயங்குவதற்கு ஆதாரமாயிருந்த பிளாஷ் என்னும் மென்பொருளை அதன் உரிமையாளர் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிட்டுவிட்டனர். விளையாட்டு நின்றுவிட்டது.

டார்பூரில் எதுவும் நிற்கவில்லை. அன்று மக்களை வேட்டையாடிய ஜன்ஜாவீட் என்னும் ஆயுதக் குழுவிலிருந்து வளர்ந்ததே துரித ஆதரவுப் படை. 2023 ஏப்ரல் 15ஆம் திகதி அப்படைக்கும் சூடான் இராணுவத்துக்கும் இடையே புதிய யுத்தம் வெடித்தது. வட டார்பூரின் சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவது 2024 ஆகஸ்டில் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த முகாமும், அதே ஆண்டு ஒக்டோபரில் எல் பாஷர் நகரும் துரித ஆதரவுப் படையிடம் வீழ்ந்தன. மக்கள் மறுபடியும் ஓடினார்கள். 2006இல் விளையாட்டில் ஓடிய பிள்ளையின் வயதில் அன்று மெய்யாகவே ஓடிய ஒரு பிள்ளை இன்று உயிரோடிருந்தால், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கக்கூடும்.

அப்படியானால் அந்த மாணவரின் முயற்சி வீணா? வீணென்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு பாடசாலை வேலை உலகத்தின் பாவத்தைப் போக்காது. ஆனால் பார்க்காதிருந்த சிலரை அது பார்க்கச் செய்தது. பார்த்தவனுக்கு ஒரு கடன் உண்டாகிறது. அதைத் தீர்ப்பதும் தீர்க்காததும் பார்த்தவனின் பொறுப்பு.

பெற்றோருக்கு ஒரு சொல்

இன்று எமது பாடசாலைகளிலும் பிள்ளைகள் சிறிய கணனி விளையாட்டுகளைத் தாமே ஆக்கப் பழகி வருகிறார்கள். அதைப் பார்த்து, படிக்காமல் விளையாடுகிறான் என்று கோபிக்கும் தகப்பன்மாரும் உண்டு. எதைச் செய்கிறான் என்று திரும்பியும் பாராதவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். ஒருநாள் பிள்ளையின் அருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நீ ஆடும் இதில், அல்லது நீ ஆக்கும் இதில், துன்பப்படுவது யார்? அவருக்கு ஒரு பெயர் உண்டா? இது முடிந்தபின் நீ யாருக்கு என்ன செய்யப் போகிறாய்? இந்த மூன்றையும் அன்பாகக் கேளுங்கள். தோட்டாவுக்கு விழும் உருவங்களுக்குப் பெயரே இல்லாத விளையாட்டுகள் பல உண்டு. அவற்றைப் பற்றி நீங்கள் நீண்ட பிரசங்கம் செய்யத் தேவையில்லை. இரண்டாவது கேள்வியே பிள்ளையைச் சிந்திக்க வைத்துவிடும்.

பிறர் துயரம் விளையாட்டாகுமா என்று கேட்டுத் தொடங்கினோம். அது நம்மை நம் வாசலுக்கு வெளியே இட்டுச் சென்றால் ஆகலாம். கதிரையிலேயே இருத்தி வைத்தால் ஆகாது. அந்த விளையாட்டு முழுவதும் ஒரு பிள்ளை ஓடியது தண்ணீருக்காக. தம்முடையவர்களாகிய சிறியோருக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுப்பவனும் கைம்மாறு பெறாமற் போகான் என்று ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். அந்தக் கிண்ணத்தை எதிர்பார்த்து நம் ஊரிலும் அயலிலும் எவராவது இருக்கிறாரா என்று இன்றைக்கே தேடிப் பார்ப்போமாக.